டயர் மாட்டியிருக்கும் டிஸ்க்கில் வெல்டிங் வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரி டயரோ டிராக்டர் டயரோ வெடித்து ஆட்கள் அடிபட்டதாகச் செய்தி வரும்போது, ‘காற்றழுத்தம் அதிகமானதால் டயர் வெடித்தது’ என்ற ஒரே வரியோடு காரணம் முடிந்துவிடுகிறது. பல வெடிப்புகளுக்கு அது பொருந்தும். டயரைத் தாங்கும் சக்கர இரும்பான டிஸ்க்கில் வெல்டிங் வைக்கும்போதும், இறுகிப்போன வீல் நட்டைக் கேஸ் நெருப்பில் காய்ச்சும்போதும், மலைச்சாலை இறங்கி வந்த வண்டி நின்ற சற்று நேரத்திலும் நடக்கும் வெடிப்புகளுக்கு அது பொருந்தாது. அங்கே ரப்பரே சூட்டில் சிதைந்து, எரியக்கூடிய ஆவியாக மாறி, டயருக்குள்ளேயே தீப்பிடித்து வெடிக்கிறது. மதுரையில் மாட்டுத்தாவணியில் தொடங்கி ரிங் ரோடு நெடுக, கப்பலூர், திருமங்கலம், மேலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் டயர் கடையும் வெல்டிங் பட்டறையும் அடுத்தடுத்து இருக்கிற ஊர் இது. இந்த வேறுபாடு தெரியாமல் இங்கே ஒருவர்கூட டிஸ்க்கின் முன்னால் குத்தவைத்து உட்காரக் கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காற்றுக் கணக்கு. லாரி டயரில் காலையில் 32 டிகிரி செல்சியஸில் 110 பவுண்டு (ஒரு சதுர அங்குலத்துக்கு) காற்று பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கேஜ் காட்டும் 110-உடன் வெளிக்காற்றின் 14.7 பவுண்டையும் சேர்த்தால் உண்மையான அழுத்தம் 124.7. மூடிய இடத்தில் அடைபட்ட காற்றின் அழுத்தம், கெல்வினில் கணக்கிட்ட வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் ஏறும். நாற்கரச் சாலையில் ஓடி டயரின் உட்புறம் 80 டிகிரி ஆகும்போது கேஜ் ஏறத்தாழ 130 காட்டும். இந்த 20 பவுண்டு ஏற்றத்துக்கு இடம் வைத்துத்தான் டயரைச் செய்கிறார்கள். ‘காத்து கூடிருச்சு’ என்று சூட்டோடு சூடாக இறக்கி 110-க்குக் கொண்டுவந்தால், ஆறியபின் அது 93 ஆகிவிடும். அடுத்த ஓட்டத்தில் பக்கச் சுவர் அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும். மடங்குகிற ஒவ்வொரு முறையும் ரப்பருக்குள்ளேயே சூடு பிறக்கும். சித்திரை வெயிலில் டயர் போவதற்குத் தார்ச்சாலையின் சூட்டைவிட இந்தக் குறைந்த காற்றுதான் பெரிய காரணம்.

அதே கணக்கை 300 டிகிரி வரை கொண்டுபோனாலும் கேஜ் 220 பவுண்டைத்தான் தொடும். அதாவது இரண்டு மடங்கு. கம்பி அறுபடாத, ஓரம் கெடாத நல்ல ரேடியல் டயர் இரண்டு மடங்கைத் தாங்கும். ஆகவே வெறும் காற்று சூடேறியதால் மட்டும் நல்ல டயர் துண்டு துண்டாகாது. உள்ளே எரியக்கூடிய ஆவி கலந்து பற்றிக்கொண்டால் கணக்கு அடியோடு மாறுகிறது. மூடிய இடத்தில் ஹைட்ரோகார்பன் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்து எரிந்தால், தொடக்க அழுத்தத்தைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு அழுத்தம் நொடிக்கும் குறைந்த நேரத்தில் எழும். 124.7-ஐ எட்டால் பெருக்கினால் ஆயிரம் பவுண்டுக்குப் பக்கத்தில் வருகிறது. அதைத் தாங்கும் டயரும் இல்லை, டிஸ்க்கும் இல்லை. சாதாரண 110 பவுண்டிலேயே ஒரு பெரிய லாரி டயரின் பக்கச் சுவர் ஒன்றின் மீது மொத்தமாக 40 டன்னுக்கு மேல் விசை இருக்கிறது என்பதை மனதில் வைத்து, இந்த எட்டு மடங்கை யோசிக்க வேண்டும்.

இந்த ஆவி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல, ரப்பருக்கும் சூட்டுக்கும் உள்ள உறவைச் சொல்லியாக வேண்டும். சூட்டினாலும் அழுத்தத்தினாலும்தான் டயரே உருவாகிறது. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குணம் போய்விடுவதைக் கண்டார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். 100 பங்கு ரப்பருக்கு 1 முதல் 3 பங்கு கந்தகம், 3 முதல் 5 பங்கு துத்தநாக ஆக்ஸைடு, 1 முதல் 2 பங்கு ஸ்டியரிக் அமிலம், ஒரு பங்கை ஒட்டி, வேகுவதை விரைவுபடுத்தும் ஆக்சிலரேட்டர், 50 பங்கை ஒட்டிக் கார்பன் பிளாக், கொஞ்சம் எண்ணெய். இதை மோல்டில் வைத்து 150 டிகிரி சுமாருக்கு வேகவைத்தால், நீளநீளமான ரப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் விழுகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் உள்ள டயர் ஆலையிலிருந்து, உதிரிபாகம் அடிக்கும் சிறு பிரஸ் வரை எல்லோருக்கும் பொதுவான கணக்கு இது.

அழுத்தம் எதற்கு? ரப்பர் மோல்டின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்புவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கலவைக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரமும், அடைபட்ட காற்றும், மெல்லிய ஆவிகளும் இருக்கும். 150 டிகிரியில் அவை விரிந்து வெளியே வரத் துடிக்கும். பாலங்கள் போதுமான அளவு விழுகிற வரை அழுத்தம் அவற்றைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கிறது. வேகாத நிலையில் பிரஸ்ஸைத் திறந்துவிட்டால் ரப்பர் பொங்கி உள்ளே பஞ்சாகிவிடும். வெட்டிப் பார்த்தால் ஊசிமுனைத் துளைகள் தெரியும். பஞ்சர் கடையில் டியூபுக்குச் சூடு பேட்ச் ஒட்டும்போது கிளாம்பை அவசரப்பட்டுக் கழற்றினால் ஓரம் கொப்பளிப்பதும் இதே காரணத்தால்தான். பிளேட் ஆறும்வரை திருகைத் தளர்த்தக் கூடாது.

தேய்ந்த டயருக்குப் புது டிரெட் (தரையில் படும் மேற்பட்டை) ஒட்டும் ரீட்ரெடிங்கில் இது இன்னும் கண்டிப்பு. வெந்த டிரெட்டைப் பழைய டயரின் மேல் வைத்து, இடையில் குஷன் கம் என்ற வேகாத ஒட்டு ரப்பர் கொடுத்து, உறை மாட்டி, சேம்பரில் 100 முதல் 115 டிகிரியில், சுமார் 6 பார் அழுத்தத்தில், மூன்று மணி நேரத்தை ஒட்டி வைக்கிறார்கள். இங்கே ஒட்ட வேண்டிய முகத்தைத் தேய்க்கும்போதே பாதி விதி எழுதப்பட்டுவிடுகிறது. பஃபிங் சக்கரம் மழுங்கியிருந்தாலோ, ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தாலோ, ரப்பர் நீலப்புகை விட்டுப் பளபளவென்று பிசுபிசுப்பாகும். அது கருகிய ரப்பர். கம் அதில் பிடிக்காது. ஆணி குத்திய துளையில் ஈரம் இருந்து, அதைக் கீறி உலர்த்தாமல் மேலே மூடினால், சேம்பரில் அந்த ஈரம் ஆவியாகி ஒரு கொப்பளம் வைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் டிரெட் பட்டையாக உரிந்து நாற்கரச் சாலையில் கிடக்கும்.

இதுவரை சொன்னது ஆக்கும் சூடு. அதே சூடு அளவு மீறினால் அழிக்கத் தொடங்குகிறது, அதுவும் படிப்படியாக. இயற்கை ரப்பரை 150 டிகிரிக்கு மேல் தேவைக்கு அதிகமான நேரம் வைத்தால், கட்டிய கந்தகப் பாலங்களே அறுபடுகின்றன. கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள பிணைப்பை உடைக்க மோலுக்கு 250 கிலோஜூலை ஒட்டிப் போதும். கார்பனுக்கும் கார்பனுக்கும் உள்ள பிணைப்புக்கு 350-ஐ ஒட்டி வேண்டும். வலுவில் குறைந்தது முதலில் அறுகிறது. ரப்பர் மறுபடி இளகி, ஒட்டும், வலு இழக்கும். 200 டிகிரியைத் தாண்டினால் கலவையில் சேர்த்த எண்ணெயும் சிறு மூலக்கூறுகளும் ஆவியாக வெளியேறும். 300-க்கு மேல் 400 வரை போகும்போது ரப்பரின் முதுகெலும்பான கார்பன் சங்கிலியே துண்டு துண்டாகிறது. இயற்கை ரப்பரிலிருந்து ஐசோப்ரீனும் டைபென்டீனும் வருகின்றன; செயற்கை ரப்பரிலிருந்து பியூட்டாடைன், ஸ்டைரீன் போன்றவை. 1860-இல் கிரெவில் வில்லியம்ஸ் என்ற வேதியியலாளர் ஐசோப்ரீனை முதலில் பிரித்ததே இயற்கை ரப்பரைக் காய்ச்சி வடித்துத்தான். அவர் வாலையில் செய்ததைத்தான் வெல்டிங் ராடு டயருக்குள் செய்கிறது. ஒரே வித்தியாசம், வாலையில் ஆவி வெளியே போக வழி இருந்தது.

எவ்வளவு ரப்பர் சிதைந்தால் ஆபத்து என்ற கேள்விக்கு வரும் விடைதான் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது. இந்த ஆவிகள் காற்றில் 1 சதவீதத்தை ஒட்டிக் கலந்தாலே பற்றக்கூடியவை. பெரிய லாரி டயரின் உட்கொள்ளளவை 140 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். டைபென்டீனின் மூலக்கூறு எடை 136. முழுக் காற்றோடு இருக்கும் டயரில் 1 சதவீதம் எட்டுவதற்குச் சுமார் 65 கிராம் ஆவி போதும். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள டயரில் 65 கிராம் என்பது டிஸ்க்கைக் கவ்வி உட்காரும் டயர் ஓரமான பீடு (bead) பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகினாலே வந்துவிடும். காற்றை இறக்கிவிட்ட டயரில் என்ன நிலை? உள்ளே வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே இருப்பதால், அதே 1 சதவீதத்துக்கு 8 கிராம் போதும்.

‘வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை இறக்கிட்டோம், இனி வெல்டிங் வைக்கலாம்’ என்ற நம்பிக்கை எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து தெரியும். காற்று இறங்கிய டயரில் பற்றும் கலவை இன்னும் சீக்கிரம் உருவாகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தில் தொடங்கி எட்டு மடங்கு ஏறினால் கேஜ் கணக்கில் 100 பவுண்டு. காற்று பிடிக்கும்போது நிமிடக்கணக்கில் ஏறும் அழுத்தம், இங்கே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஏறுகிறது. வால்வுத் துளை சில மில்லிமீட்டர்தான். அவ்வளவு வேகத்துக்கு அது வழி விடாது. டிஸ்க்குக்கு நேரே முகத்தை வைத்திருப்பவர் மீது அந்த விசை முழுவதும் வரும்.

பொறி வேண்டுமா? அதுவும் வேண்டாம். டைபென்டீன் ஆவி 237 டிகிரியை ஒட்டித் தானாகவே தீப்பிடிக்கும். அழுத்தம் கூடக் கூடப் பொதுவாக இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். வாணலியில் எண்ணெய் காய்ந்து புகைந்து, அடுப்பின் தீ தொடாமலே குப்பென்று பற்றுவதைச் சமையலறையில் பார்த்திருப்போம், அதே வகைதான். இரும்பு உருகும் வெப்பம் 1,500 டிகிரி. ராடு வைக்கும் இடத்தின் மறுபக்கத்தில், விரல் கனம்கூட இல்லாத இரும்புக்கு அந்தப் புறம், டயரின் பீடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. டியூப் உள்ள டயராக இருந்தால் முதலில் கருகுவது, டியூபுக்கும் டிஸ்க்குக்கும் இடையே வைக்கும் ரப்பர்ப் பட்டையான ஃபிளாப்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து டிஸ்க்கின் வெளிப்புறம் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பின்னும் உள்ளே ரப்பர் கனன்றுகொண்டிருக்கலாம். ரப்பர் சூட்டை மிக மெதுவாகத்தான் கடத்தும். உள்ளே போன சூடு எளிதில் வெளியே வராது. ஆகவே வெடிப்பு சில நிமிடம் கழித்தும் நடக்கலாம், பல மணி நேரம் கழித்தும் நடக்கலாம். ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் பெரிய டம்பர் டயர் உள்ளே சிதைவதாகச் சந்தேகம் வந்தாலே சுற்றிலும் 300 மீட்டர் தூரத்துக்கு ஆட்களை விலக்கி 24 மணி நேரம் யாரையும் அண்டவிடாமல் வைக்கிறார்கள். மேலூர்ப் பக்கம் குவாரி வேலைக்கு ஓடும் வண்டிகளின் டயர்கள் அவ்வளவு பெரியவை இல்லாவிட்டாலும் உள்ளே நடக்கும் வேதியியல் ஒன்றுதான்.

நம் பக்கத்தில் இந்தச் சூடு டயருக்குள் போகும் வழிகளில் முதன்மையானது டிஸ்க் விரிசல். அளவுக்கு மீறிக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய வண்டிகளில் ஸ்டட் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்து, துளையிலிருந்து விரிசல் ஓடும். அதன் மேல் ஒரு ரன் வெல்டிங் ஓட்டிவிட்டால் வண்டி கிளம்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் வெல்டிங் ஓரத்தில் இரும்பின் உள்ளமைப்பு மாறி, சில வாரங்களில் பக்கத்திலேயே புது விரிசல் கிளம்பும். விரிசல் விட்ட டிஸ்க் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். வேறு ஏதாவது காரணத்துக்கு டிஸ்க்கில் நெருப்பு வைத்தே ஆக வேண்டும் என்றால், முறை இது: வீல் நட்டைத் தொடும் முன்பே இரட்டை டயர் இரண்டிலும் வால்வு பின்னைக் கழற்ற வேண்டும், வீலை இறக்கி, இரண்டு பக்கப் பீடையும் உடைத்து, டயர், டியூப், ஃபிளாப் மூன்றையும் டிஸ்க்கிலிருந்து முழுவதும் வெளியே எடுத்துத் தள்ளி வைக்க வேண்டும். பீடைப் பாதி தள்ளிவிட்டு நடுவில் செங்கல் முட்டுக் கொடுத்து வெல்டிங் வைப்பது போதாது. டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் கிரீஸையும் ரப்பர் சொல்யூஷனையும் துடைத்த பிறகுதான் ராடு. கை பொறுக்கும் அளவுக்கு ஆறாமல் டயரைத் திரும்ப மாட்டவே கூடாது.

இறுகிய நட்டுக்கு நெருப்பு வைப்பது அடுத்தது, இதுதான் மிகச் சாதாரணமாக நடப்பது. நட் இறுகுவதற்குத் துருவோடு, குழாயை மாட்டி இரண்டு ஆள் ஏறி மிதித்து முறுக்குவதும் காரணம். மரை நீண்டு ஒன்றில் ஒன்று கடித்துக்கொள்கிறது. வெளியே நீட்டியிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு வைத்து, காலையில் இம்பாக்ட் கன்னால் முதலில் சற்று இறுக்கும் திசையிலும் பிறகு தளர்த்தும் திசையிலும் மாறி மாறி அடித்தால் பெரும்பாலும் இளகிவிடும். வராவிட்டால் நட் பிளக்கும் கருவி இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் நட்டின் பக்கவாட்டில் துரப்பணம் போட்டு உளியால் பிளக்கலாம். ஒரு ஸ்டட்டும் நட்டும் போனால் புதிது போட்டுக்கொள்ளலாம். திரும்ப மாட்டும்போது வாகனத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, வண்டி கொஞ்ச தூரம் ஓடிய பின் மறுபடி சரிபார்த்தால் அடுத்த முறை இந்தத் தொல்லையே வராது.

பிரேக் சூடு பற்றி ஓட்டுநர்கள் அறிய வேண்டியது அதிகம். குமுளியிலிருந்து லோயர் கேம்ப், போடிமெட்டு, கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு என்று மலை இறங்கும் சுமை வண்டிகளில் கணிசமானவை மதுரை வழியாகப் போகின்றன. 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 24.5 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஆறு பிரேக் டிரம்மும் சேர்ந்து 270 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்தால், அந்த ஆற்றல் முழுவதும் டிரம்மிலேயே தங்கினால் வெப்பம் ஏறத்தாழ 200 டிகிரி கூடும். நூறே மீட்டருக்கு! கீழ் கியரில் என்ஜினால் பிடித்து இறங்கினால் பெரும்பங்கு என்ஜின் வழியே போய்விடுகிறது. நியூட்ரலிலோ மேல் கியரிலோ பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் டிரம் கொதிக்கிறது. பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் சரியில்லாமல் ஒரு சக்கரம் மட்டும் உரசிக்கொண்டே வந்தால் சமதளத்திலும் இதே கதைதான். பேரிங்கில் போடும் சாதாரண லித்தியம் கிரீஸ் 180 டிகிரியைத் தாண்டினால் உருகி ஒழுகத் தொடங்கும். அது லைனர் மேல் பட்டுப் புகையும்.

வண்டி ஓடும்வரை டிரம்மைச் சுற்றிக் காற்று அடிக்கிறது. நின்றவுடன் அது நின்றுபோய், டிரம்மின் சூடு முழுவதும் டிஸ்க்கின் மேல் ஏறி, பீடுக்குப் போகிறது. டயரின் ஓரம் அதிகபட்ச வெப்பத்தை எட்டுவது நின்ற பிறகுதான். அடிவாரத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தி, கிளீனர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வரும் நேரம் அது. பிரேக் சூடாகியிருக்கிறது, ஆனால் புகையோ ரப்பர் கருகும் வாடையோ இல்லை என்றால், சமதளத்தில் பிரேக் தொடாமல் மெதுவாகச் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுவது நல்லது. டயரிலிருந்தே புகை வந்தால் ஆளில்லாத திறந்தவெளியில் நிறுத்தி, கட்டை போட முடிந்தால் போட்டு, எல்லோரும் விலகிவிட வேண்டும். அணுகியே ஆக வேண்டும் என்றால் வண்டியின் முன்பக்கமோ பின்பக்கமோ இருந்துதான். பக்கச் சுவருக்கு நேரே ஒருபோதும் போகக் கூடாது. கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிப்பு விடும். தீப்பிடித்துவிட்ட டயருக்குத் தண்ணீர்தான் மருந்து, ஆனால் தூரத்திலிருந்து, நிறைய, நீண்ட நேரம். தீ அணைந்த டயர் உள்சூட்டால் மறுபடி பற்றுவது வழக்கம்.

டிப்பர் தொட்டியைத் தூக்கியபடி நகர்த்தி மேலே போகும் மின்கம்பியில் பட்டாலும், மின்சாரம் டயர் வழியாக மண்ணுக்குப் பாய்ந்து உட்புறத்தைக் கருக்கும். கம்பியை விலக்கி, மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று உடனே டயர் பக்கம் போகக் கூடாது. டியூப்லெஸ் டயரின் பீடு உட்காரவில்லை என்று பெட்ரோலைத் தெளித்துப் பற்றவைக்கும் வழக்கத்தையும் இதோடு சேர்த்து விட்டொழிக்க வேண்டும். அளவு சற்று மிஞ்சினால் அதுவே மேலே சொன்ன வெடிப்பு; மிஞ்சாவிட்டாலும் எரியாத ஆவி உள்ளே தங்கி, அடுத்து டிஸ்க்கில் சூடு வைப்பவருக்குக் காத்திருக்கும்.

நைட்ரஜன் பிடித்தால் கவலையில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். ஓரளவு உண்மை. காற்றை இறக்கிய டயரில் சுத்தமான நைட்ரஜனை 110 பவுண்டு வரை ஏற்றினால் உள்ளே ஆக்சிஜன் 2.5 சதவீதத்துக்கு இறங்கும்; அதில் ஆவி இருந்தாலும் பற்றாது. இயந்திரம் தருவது 95 சதவீத நைட்ரஜன் என்றால் ஆக்சிஜன் 7 சதவீதத்தை ஒட்டி நிற்கும், பாதுகாப்பு குறைகிறது. ஓடும் வண்டியின் பிரேக் சூட்டுக்கு இது உதவும். வெல்டிங்குக்காக அதை இறக்கி, பீடைத் தளர்த்தியவுடன் வெளிக்காற்று புகுந்துவிடுவதால் பட்டறையில் நைட்ரஜனை நம்பக் கூடாது.

காற்று மட்டுமே காரணமான வெடிப்பையும் ஒதுக்கிவிட முடியாது. சொல்லப்பட்ட அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ ஓடிய ஸ்டீல் ரேடியலைப் பஞ்சர் ஒட்டியவுடன் நேராகக் காற்று பிடிக்கக் கூடாது. பக்கச் சுவரின் கம்பிகள் மடங்கி மடங்கிக் களைத்திருக்கும். டயரைக் கழற்றி உள்பக்கம் பார்க்க வேண்டும்: சுருக்கம், நிற மாற்றம், ரப்பர்ப் பொடி, விரலுக்குத் தட்டும் கம்பி முனை எது இருந்தாலும் அந்த டயர் முடிந்தது. சரியாக இருந்தால், வெடித்தாலும் சிதறலைத் தடுக்கும் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, கவ்விப் பிடிக்கும் வாய் உள்ள நீளமான ஹோஸை மாட்டி, தள்ளி நின்று, முதலில் 20 பவுண்டு ஏற்றிப் பக்கச் சுவரைக் கவனிக்க வேண்டும். ஏற்றும்போது உள்ளே ‘டிக் டிக்’ என்று ஒன்றிரண்டு சத்தம் கேட்டாலும் நின்ற இடத்திலிருந்தே காற்றை இறக்க வேண்டும். கம்பி ஒவ்வொன்றாக அறுகிற சத்தம் அது. டயரை இடத்தில் பிடித்து வைக்கும் தனி இரும்பு வளையமான லாக் ரிங் உள்ள டிஸ்க்குக்குக் கூண்டு கட்டாயம். ரிங் உட்காரவில்லை என்று காற்று ஏறியிருக்கும்போது சுத்தியலால் தட்டுவது உயிரோடு விளையாடுவது.

பழைய டயரைக் காற்றில்லாத உலையில் 400 டிகிரியை ஒட்டிச் சிதைத்து எண்ணெயும் கரியும் எடுக்கும் ஆலைகளிலும் இதே வேதியியல்தான் வேலை செய்கிறது. உலை முழுவதும் ஆறும் முன் கதவைத் திறந்தால், உள்ளே தேங்கிய ஆவியும் சுடும் கரியும் வெளிக்காற்றைச் சந்திக்கின்றன. அங்கே நடக்கும் தீ விபத்துகளுக்கும் பட்டறை வெடிப்புக்கும் வேர் ஒன்றே. போகிக்கு டயர் கொளுத்துவோர், அந்தக் கரும்புகையில் எரியாமல் தப்பிய ஸ்டைரீனும் பென்சீனும் குழந்தைகளின் மூக்குக்குப் போகின்றன என்பதை அறிய வேண்டும்.

கோ.புதூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலும் மற்ற ஐடிஐக்களிலும் வெல்டர் பிரிவு மாணவர்களுக்கு எரிபொருள் டிரம்மில் வெல்டிங் வைக்கக் கூடாது என்று சொல்லித் தருவதைப்போல, டயர் மாட்டிய டிஸ்க்கும் மூடிய எரிபொருள் டிரம் மாதிரிதான் என்று முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும். எஃப்.சி. காட்ட வரும் வண்டிகளின் டிஸ்க்கில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு டார்ச்சும் இரண்டு நிமிடமும் போதும். தழும்பு இருந்தால் மாற்றிவிட்டு வரச் சொல்ல வேண்டும். தீயணைப்பு நிலையங்கள் தொழிற்பேட்டைகளில் ஒத்திகை நடத்தும்போது வாகனப் பட்டறைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டயர் வெடித்த இடத்துக்குப் போனால், வெடிப்பதற்கு முன் அந்தச் சக்கரத்தில் வெல்டிங், கேஸ், பிரேக் சூடு ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். கிழிந்த டயரின் உள்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கச் சுவரின் மேற்பகுதியில் ஜிப்பைத் திறந்ததுபோல ஒரே கோட்டில் கம்பிகள் அறுந்து, உள்பக்கம் கரி இல்லாமல் இருந்தால், காற்று குறைந்து ஓடிய டயர் அது. பீடை ஒட்டிய ரப்பர் கொப்பளித்து, உள்ளே பளபளப்பான தார் போன்ற படிவும் கரியும் அப்பி, கந்தக வாடை வீசினால், ரப்பர் சிதைந்து உண்டான ஆவிதான் வெடித்திருக்கிறது. செய்தியில் அதை அப்படியே எழுதுங்கள். அடுத்த பட்டறைக்காரர் அதைப் படிப்பார்.

இப்படிக்கு,
ரப்பர் தொழில்நுட்பத் துறை வாசகர்,
திருநகர், மதுரை.